இருபத்திரண்டு கையொப்பங்கள்

நாம் முன்பு பணியாற்றிய இடத்தின் அலமாரியில் நீலநிற அட்டையிட்ட பதிவேடு ஒன்று இருந்தது. 2004-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் தொடங்கி நவம்பர் 5-ஆம் நாள் வரை, வெள்ளிக்கிழமைக்கு ஒன்றாக, அதில் 22 வரிகள். ஒவ்வொரு வரியிலும் நாள், வட்டின் எண், ‘நகல் எடுக்கப்பட்டது, ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது’ என்ற சொற்கள், இறுதியில் நம் கையொப்பம். அந்த 22 வரிகளில் ஒன்றேனும் பொய்யில்லை. ஆயினும் அவற்றை நம்பிய முதியவர் ஒருவர் தம் பதினோராண்டு உழைப்பின் பெரும்பகுதியை இழந்தார். உண்மையை மட்டுமே எழுதிய கை குற்றமுள்ள கையாக இருக்கக் கூடுமா? ஆண்டுகள் பல கடந்தும் இவ்வினா நம்மை விட்டபாடில்லை. வாசகர்களோடு சேர்ந்து இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

அது ஒரு சிறிய ஆய்வு நடுவம். ஊழியர் ஒன்பது பேர். அனைவருடைய கணினிகளும் சர்வர் எனப்படும் ஒரே நடுக் கணினியோடு இணைந்திருந்தன. எவர் எதைத் தட்டச்சு செய்தாலும் அது சர்வரின் வன்தட்டில் போய்ச் சேரும். அந்த வன்தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் பொறி. சுழல்வது எதுவும் ஒரு நாள் நின்றுபோகும். எனவே அதில் உள்ளவற்றை வேறொன்றில் படியெடுத்து வைப்பது சர்வரைப் பராமரிப்பவரின் முதற்கடமை. கணினித் துறையினர் இதனை ‘பேக்கப்’ என்பர். நாம் காப்பு நகல் என்போம். அந்தப் பணி நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

நகலுக்கு நாம் தேர்ந்துகொண்டவை அழித்து அழித்து எழுதத்தக்க ஒளிவட்டுகள், டி.வி.டி.-ஆர்.டபிள்யூ. எனும் வகையின. ஒவ்வொன்றும் 4.7 ஜிகாபைட் கொள்ளும். இவ்வட்டின் நடுவே வெள்ளி, இண்டியம், ஆன்டிமணி, டெலுரியம் ஆகியவை கலந்த மிக மெல்லிய உலோகப் படலம் உண்டு. லேசர் ஒளி அதன் ஒரு புள்ளியை உருகும் அளவுக்குச் சுட்டுச் சட்டென விலகினால், அப்புள்ளி ஒழுங்கிழந்து மங்கலாக உறைந்துவிடும். அதே புள்ளியை மிதமான வெப்பத்தில் சற்று நேரம் வைத்தால் அணுக்கள் மீண்டும் வரிசைகொண்டு படிகமாகிப் பளபளக்கும். மங்கலும் பளபளப்புமே எழுத்து. சூடு எழுதுகிறது, சூடே அழிக்கவும் செய்கிறது. ஏறத்தாழ ஆயிரம் முறை இவ்வாறு அழித்தெழுதலாம் என்பது உற்பத்தியாளர் தரும் கணக்கு. பழைய ஓலைச்சுவடிக்காரர் இதனைக் கண்டிருந்தால் மூக்கின்மேல் விரல் வைத்திருப்பார். ஓலையில் ஆணி கீறியது கீறியதுதான்.

நான்கு வட்டுகள் வாங்கினோம். வாரம் ஒன்றாக நான்கு வெள்ளிக்கிழமைகள். ஐந்தாம் வாரம் முதல் வட்டை அழித்து எழுதுவோம். சிக்கனமான முறை என்று பாராட்டும் பெற்றோம். ஒருமுறை மட்டும் எழுதத்தக்க வட்டுகளை வாரந்தோறும் புதிதாக வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவு, நடுவத்தின் தேநீர்ச் செலவைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். அதை அன்று ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை.

இனி அந்த முதியவரைப் பற்றி. அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பனைத்தொழில் செய்வோரின் சொற்களை ஊர் ஊராகச் சென்று தொகுத்து வந்தார். பாளை, கலயம், பதநீர் என நாமெல்லாம் அறிந்த சொற்களோடு, பதநீர் காய்ச்சும் குடிசையாகிய விடிலி, கருப்பட்டியாக இறுகுமுன் உள்ள பாகாகிய கூப்பனி என்பன போன்றவையும், அவற்றிலும் அரியனவுமாக ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அது எந்த ஊரில், யார் வாயால், எந்தச் சூழலில் கேட்கப்பட்டது என்ற குறிப்பு. 14 நோட்டுகளில் இருந்த அச்செல்வத்தை நடுவம் தட்டச்சு செய்து தர இசைந்தது. அப்பணி 2004 ஏப்ரலில் முடிந்தது. உயிரெழுத்துகளில் தொடங்கும் சொற்களை மட்டும் பிழைதிருத்தத்துக்காகத் தாளில் அச்சிட்டு அவரிடம் கொடுத்தோம்.

அவ்வேளையில் அவர் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஏற்பாடாகியிருந்தது. “நோட்டுகளை இனியும் வைத்திருக்கணுமா, தம்பி? கரையான் ஏறுது,” என்று நம்மிடம் கேட்டார். “தேவையில்லை ஐயா. வாரந்தோறும் நகல் எடுக்கிறோம். பத்திரமாக இருக்கும்,” என்றோம். நோட்டுகள் பழைய தாள் கடைக்குப் போயின.

ஜூன் மாதம் சர்வரில் இடம் போதவில்லை. 9-ஆம் நாள் இரண்டாவது வன்தட்டு ஒன்றைப் பொருத்தி, ‘ஆய்வு’ என்ற கோப்புறையில் இருந்த அனைத்தையும் அதற்கு மாற்றினோம். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் எத்தனை வன்தட்டுகள் இருந்தாலும் பயனாளரின் கண்ணுக்கு அவை ஒரே மரமாகத்தான் தெரியும். வேர் ஒன்று, கிளைகள் பல. ஒட்டுக்கட்டிய மாங்கிளையைப்போல, ஒரு கிளை முழுவதும் வேறு தட்டில் இருக்கலாம்; பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. ஊழியர் எவரும் மாற்றத்தை உணரவில்லை. ஆனால் நாம் பயன்படுத்திய ‘டம்ப்’ என்னும் நகலெடுப்பு நிரல் மரத்தைப் பார்ப்பதில்லை. அது ஒரு கோப்பு முறைமையை, அதாவது ஒரு தட்டுப்பகுதியை மட்டுமே படிக்கும். ஒட்டு தொடங்கும் இடத்தில் அது கண்டது, பழைய தட்டில் எஞ்சியிருந்த ‘ஆய்வு’ என்ற வெற்றுக் கோப்புறையை. அந்த வெறுமையை அது வழுவின்றிப் படியெடுத்தது. இது நிரலின் குறையன்று. புதிய தட்டின் பெயரையும் நகலெடுக்க வேண்டிய பட்டியலில் சேர்க்க வேண்டியவர் நாம். சேர்க்கவில்லை.

ஒப்பிட்டுச் சரிபார்த்தோமே என வாசகர் கேட்கலாம். ஆம், வாரந்தோறும் சரிபார்த்தோம். வட்டில் எழுதியது தட்டில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா எனக் கணினியே ஒவ்வொரு கோப்பாக ஒப்பிட்டது. ஒத்திருந்தது. வெறுமைக்கு வெறுமை சரியாகவே ஒத்திருந்தது.

ஓர் அறிகுறி மட்டும் கிடைத்தது. முன்பெல்லாம் எழுதவும் ஒப்பிடவும் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். ஜூன் 11 முதல் அரை மணிக்குள் முடிந்தது. புதிய தட்டு வந்த வேகம் என்று மகிழ்ந்து, அன்றுமுதல் வெள்ளிக்கிழமைகளில் முன்னதாகவே வீடு திரும்பினோம். நடந்தவை அனைத்திலும் இன்றளவும் நம்மை மிகுதியாக உறுத்துவது இந்த மகிழ்ச்சிதான். குறை வந்து கதவைத் தட்டியது. நாம் அதனை நன்மை என எண்ணி உள்ளே அழைத்து அமரவைத்தோம்.

ஜூலை 2-ஆம் நாள் நான்காவது வட்டும் அழித்தெழுதப்பட்டது. ஆசிரியரின் சொற்களைத் தாங்கியிருந்த கடைசி நகல் அன்று நம் கையாலேயே மறைந்தது. நவம்பர் 9-ஆம் நாள் காலையில் இரண்டாவது வன்தட்டு ‘டிக், டிக்’ என ஒலியெழுப்பி நின்றது. மீட்புத் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்துப் பார்த்தோம். தட்டின் மேற்பரப்பு கீறப்பட்டுவிட்டது என்றார். பழைய தட்டில் அச்சொற்கள் இருந்த இடங்களில் ஐந்து மாதங்களாக வேறு கோப்புகள் குடியேறியிருந்தன. நான்கு வட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தோம். நான்கிலும் ‘ஆய்வு’ இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

அழித்தெழுதுவது நம் காலம் கண்ட புதுமையன்று. தோலில் எழுதிய காலத்திலும் தோல் விலையுயர்ந்த பொருளே. பழைய எழுத்தைக் கழுவியோ சுரண்டியோ அகற்றிவிட்டு அதன்மேல் புதியதை எழுதினர். 1819-ஆம் ஆண்டில் வத்திக்கான் நூலகத்தின் தலைவராயிருந்த, பின்னாளில் கர்தினாலான, ஆஞ்செலோ மாயி, திருப்பாடல்களுக்குப் புனித அகுஸ்தீன் எழுதிய விளக்கத்தின் ஏடுகளுக்கு அடியில் மங்கலான வேறோர் எழுத்தைக் கண்டார். அது சிசரோவின் ‘குடியரசு’ நூல். பல நூற்றாண்டுகளாக அறிஞர்கள் தேடிக்கொண்டிருந்தது. ஆர்க்கிமிடீசின் நூல்களைத் தாங்கிய பத்தாம் நூற்றாண்டுச் சுவடியொன்று 1229-ஆம் ஆண்டளவில் செபப் புத்தகமாக மாறிற்று. செபங்களின் அடியில் கணிதம் இருந்ததை 1906-இல் ஐபர்க் என்னும் டேனிய அறிஞர் இனங்கண்டார்.

அந்தத் துறவிகளைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. தோல் குறைவு, மடத்தில் உள்ளோருக்கு அன்றாடம் வேண்டியது செபமும் திருநூல் விளக்கமும். எதை அகற்றுகிறோம் என்று ஓரளவேனும் அறிந்தே அகற்றியிருப்பர், ஏனெனில் சுரண்டும் கைக்கு முன்னால் எழுத்து கண்ணில் பட்டே தீரும். அவர்கள் தெரிவு தவறாயிருக்கலாம்; ஆயினும் அது தெரிவு. நம் வட்டுகளில் எந்த எழுத்தும் கண்ணில் படவில்லை. வட்டை உள்ளே செலுத்தினோம், ஒரு விசையை அழுத்தினோம். எதன்மேல் எழுதுகிறோம் என்று ஒருகணமும் எண்ணவில்லை. தற்செயலாக மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது: தோலைச் சுரண்டினாலும் அடியெழுத்து நூற்றாண்டுகளுக்குப் பின் மீண்டது. நம் வட்டில் முழுதாக அழித்தெழுதியதை மீட்க எந்த மாயியும் வரப்போவதில்லை.

நம் சிறு நடுவத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று இது. 1969-இல் மனிதன் நிலவில் முதன்முதலாகக் கால் வைத்த காட்சியை நேரடியாகப் பதிவு செய்த மூல நாடாக்களைத் தேடிய நாசா நிறுவனம், அவை நாடாப் பற்றாக்குறையால் அழித்து மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்கவே வாய்ப்பு மிகுதி என 2009-இல் அறிவித்தது. உலகிற்கு ஒளிபரப்பான, தெளிவு குறைந்த படிகள் மட்டுமே எஞ்சின.

இத்துடன் ஒப்பிட, நம் பங்குக் கோவில்களின் திருமுழுக்கு ஏடுகளை எண்ணிப் பார்க்கலாம். 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, தன் 470-ஆம் சட்டத்தில், ஆண்டிறுதிதோறும் பங்கு ஏடுகளின் நம்பத்தகுந்த படியொன்றை ஆயர் இல்லத்துக்கு அனுப்பப் பங்குத்தந்தையரைப் பணித்தது. படி வேறு ஊரில் இருக்கும். இவ்வாண்டுப் படி சென்ற ஆண்டுப் படியின்மேல் எழுதப்படுவதில்லை. கணினி அறியாத அச்சட்டத்தில், நாம் தவறவிட்ட இரண்டும் இருந்தன.

இனி, குற்றம் யாருடையது? நடுவத்தில் இதுபற்றிப் பேச்செழுந்தபோது அனைவரும் நம்மிடம் கனிவுடனேயே நடந்துகொண்டனர். “உங்களுக்குத் தெரியாதே, தெரிந்திருந்தால் விட்டிருப்பீர்களா?” என்றனர். அறியாமல் செய்தது பிழையாகாது என்பது நம் மக்களிடையே வேரூன்றிய எண்ணம். புனித தோமா அக்குவினாஸ் இதனை இவ்வளவு எளிதில் விடவில்லை. ஒருவன் முயன்றாலும் அறிந்திருக்க முடியாததும் உண்டு. அறிய வேண்டியதாய், அறியக் கூடியதாய் இருந்தும் அசட்டையால் அறியாமல் போனதும் உண்டு. முன்னது பாவமாகாது, பின்னது பாவமே என்கிறார். திருப்பலியின் தொடக்கத்தில் நாம் அறிக்கையிடுகையில் செய்தவற்றோடு செய்யத் தவறியவற்றையும் சேர்த்துக்கொள்வது இதனால்தான். ஏதேனுமொரு வெள்ளிக்கிழமை வட்டைத் திறந்து, ஆசிரியரின் ஒரே ஒரு சொல்லைத் தேடியிருந்தால் போதும். இரண்டு நிமிட வேலை. அறியக் கூடியதாகவே இருந்தது. எனவே அறியாமை என்னும் குடைக்குள் நாம் ஒதுங்க இடமில்லை.

ஆனால் வினா இத்துடன் முடியவில்லை. நம்மைப்போன்றே வட்டைத் திறந்து பாராதவர் பல்லாயிரவர் இருப்பர். அவர்களுடைய தட்டுகள் பழுதாகவில்லை. ஆகவே அவர்கள் குற்றமற்றவராகவே வாழ்கின்றனர். 1998-இல் பிக்சார் திரைப்பட நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகள் தவறான ஒரு கட்டளையால் அழியத் தொடங்கின. காப்பு நகல்களும் சரிவர எடுக்கப்பட்டிருக்கவில்லை என அப்போதுதான் தெரிந்தது. கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர் குழந்தை பெற்றிருந்தமையால் வீட்டிலிருந்தே பணிபுரிந்தார். அவர் வீட்டுக் கணினியில் ஒரு படி இருந்தது. படம் பிழைத்தது. அந்த அசட்டை நம்முடையதைவிடச் சிறியதன்று. ஒரு குழந்தை பிறந்திருந்ததால் அது சிரித்துச் சொல்லும் கதையாயிற்று.

இரு உழவர் தத்தம் கிணற்றுக்குத் தடுப்புச்சுவர் கட்டாமல் விட்டனர் என்க. ஒருவர் கிணற்றில் ஒன்றும் நேரவில்லை. மற்றவர் கிணற்றில் பக்கத்து வீட்டுப் பிள்ளை விழுந்தது. இருவர் சோம்பலும் ஒன்றே. ஊர் இருவரையும் ஒன்றாகவா நோக்கும்? பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்னும் இரு மெய்யியலார் 1976-இல் இச்சிக்கலை எடுத்து விவாதித்தனர். நம் முன்னோர் ஊழ் என்று ஒரே சொல்லில் வைத்ததன் ஒரு பக்கத்தை அவர்கள் அறவியலுக்குள் கொண்டுவந்தனர் எனலாம். குற்றத்தின் அளவு மனத்தைப் பொறுத்ததா, விளைவைப் பொறுத்ததா?

பல நாள் எண்ணியபின் நமக்குத் தோன்றுவது இதுவே. இறைவன் முன்னும் மனச்சான்றின் முன்னும் இரு உழவரும் ஒரே அளவு குற்றவாளிகள். நேராதவர் தம்மை நல்லவரென எண்ணுவது பிழை. எனினும் நேர்ந்தவருக்கு ஒரு கடன் கூடுதலாக உண்டு. பிள்ளையை இழந்த வீட்டுக்கு அவர் நடந்துபோக வேண்டும், மற்றவர் போகவேண்டியதில்லை. குற்றம் சமமாயிருக்கலாம், கடன் சமமன்று. ‘தெரியாமல் நேர்ந்தது’ என்று நம்மைத் தேற்றிய நண்பர்கள் குற்றத்தைக் குறைக்க முயன்றனர். கடனை யாராலும் குறைக்க இயலவில்லை.

மற்றொன்றும் தெளிவாயிற்று. அந்த 22 கையொப்பங்களை வட்டைப் பற்றிய செய்தி எனவே நாம் கருதினோம். வட்டைப் பற்றி அவை மெய்யே. ஆனால் ஆசிரியர் அப்பதிவேட்டைக் கண்டதுமில்லை. வட்டைப் பற்றி அறிந்ததுமில்லை. அவர் கேட்டது நம் வாய்ச்சொல்லை: ‘பத்திரமாக இருக்கும்.’ நம் கையொப்பம் ஒவ்வொன்றும் உண்மையில் அந்தச் சொல்லின்கீழ் இடப்பட்டது. நகல் மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று வாரந்தோறும் கேட்டோம். ஐயாவின் சொற்கள் அங்கே இருக்கின்றனவா என்று ஒரு வாரமும் கேட்கவில்லை. பொருளைப் பற்றிய வினாவுக்கு விடை சொல்லிவிட்டு, மனிதருக்குக் கொடுத்த வாக்குக்கும் விடை சொல்லிவிட்டதாக எண்ணிக்கொண்டோம். பொய் சொல்லவில்லைதான், வாக்குப் பிறழ்ந்தோம்.

இன்று சர்வர்களுக்கு ஒளிவட்டில் நகல் எடுப்போர் அரியர். வேறு வன்தட்டுகளும் காந்த நாடாக்களும் தொலைவிலுள்ள கணினி நிலையங்களும் அவ்விடத்தைக் கொண்டுவிட்டன. ஆனால் இத்தனை நாள் கடந்தால் பழைய நகல் தானே நீங்கும் என்ற ஏற்பாடு அவற்றிலும் பெரும்பாலும் உண்டு. நான்கு வட்டுகளின் சுற்று வேறு உருவில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

2004 டிசம்பரில் நடுவத்தின் முறையை மாற்றினோம். மாதம் ஒருமுறை, சர்வர் பற்றி ஒன்றுமறியாத ஊழியர் ஒருவர் தாம் விரும்பிய ஒரு கோப்பின் பெயரைச் சொல்வார். நாம் அதை நகலிலிருந்து வேறு கணினியில் மீட்டு, அவரையே படித்துப் பார்க்கச் செய்வோம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, அழிக்க இயலாத வட்டொன்றில் முழுநகல் எடுத்து வேறு கட்டடத்தில் வைத்தோம்.

ஆசிரியரின் வீட்டுக்கு நவம்பர் 14-ஆம் நாள், ஞாயிறு மாலையில் சென்றோம். புதிதாய் வெள்ளையடித்த சுவர். நடந்ததை மறையாமல் சொன்னோம். ‘டம்ப்’ பற்றியும் தட்டு பற்றியும் விளக்கத் தொடங்கியபோது கையமர்த்தினார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, அச்சொற்களைச் சொன்னவருள் இன்னார் இன்னார் இறந்துவிட்டனர் என விரல்விட்டு எண்ணினார். பதினேழோடு நிறுத்தினார். உயிரெழுத்துச் சொற்கள் தாளில் தம்மிடம் இருப்பதாகச் சொன்னார். நம்மை அவர் கடிந்துகொள்ளவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. காப்பி கொடுத்தார்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் அவரே நடுவத்துக்கு வந்தார். கையில் நீளமான புது நோட்டு. முதற்பக்கத்தில் ‘க’ என்று பெரிதாக எழுதி, அதன்கீழ் கருக்கு, கருப்பட்டி, கலயம் என வரிசையாக எழுதியிருந்தார். நினைவில் உள்ளவரை எழுதப் போவதாகவும், மற்றவற்றுக்கு மீண்டும் ஊர்களுக்குப் போகவேண்டும் என்றும் சொன்னார். உடன்வர நாம் அனுமதி கேட்டோம். அதற்கு விடை சொல்லாமல், “கார்பன் தாள் இருக்குமா, தம்பி?” என்றார்.

பழைய அலமாரியிலிருந்து ஒரு கட்டு முழுவதையும் எடுத்துக் கொடுத்தோம். அவர் இரண்டு தாள்களை மட்டும் உருவிக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார்.